அருவங்காட்டுப் பஞ்சும் அசிட்டோன் பஞ்சமும்

மலை ரயில் ஊட்டியை விட்டுக் கீழே இறங்கினால் முதலில் வருவது பெர்ன்ஹில். அப்புறம் லவ்டேல், கேத்தி, அதைத் தாண்டினால் அருவங்காடு. பெர்ன்ஹில் வேட்டைக்காரர்களின் ஊராக இருந்தது. 1844-இல் கட்டப்பட்ட பெர்ன்ஹில் மாளிகையை 1873-இல் மைசூர் மகாராஜா வாங்கினார். ஊட்டி வேட்டைக் குழுவின் குதிரைகளும் நாய்களும் வென்லாக் புல்வெளியில் நரி துரத்திய காலம் அது. அருவங்காடு மருந்து செய்கிறவர்களின் ஊர். நோய்க்கான மருந்து அல்ல, துப்பாக்கிக்கும் பீரங்கிக்குமான மருந்து. 1904 வாக்கில் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்ட பிறகு, அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளாக உலகம் முழுவதும் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு, விலையேற்றம். 2020-இல் கொரோனாவோடு அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கும் கூட்டம் பெருகியது. கடைகளில் முதலில் காணாமல் போனது தோட்டாவின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு கேப்பு. 2022-இல் உக்ரைன் போர் வந்ததும் மருந்தே கிடைக்காமல் போனது. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றின் விலை போர் தொடங்கியபோது 2,000 யூரோவாக இருந்து 8,000 யூரோவாக ஏறிவிட்டது என்று நேட்டோ ராணுவக் குழுவின் அன்றைய தலைவர் ராப் பாவர் 2023 அக்டோபரில் சொன்னார். வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களுக்கு மருந்து விற்றுவந்த அலையன்ட் பவுடர் என்ற அமெரிக்க நிறுவனம், நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி 2024 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தி வைத்தது. இதில் இரும்புக்கோ ஈயத்துக்கோ பஞ்சமில்லை. பஞ்சுக்குத்தான் பஞ்சம். இந்தக் கதை புதிதும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு பஞ்சம் அருவங்காட்டின் வாசல்வரை வந்திருக்கிறது.

ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் நான்கே உறுப்புகள். பித்தளைக் குழல், அடியில் தட்டினால் பொறி விடும் கேப்பு, குழலுக்குள் மருந்து, முனையில் ஈயக் குண்டு அல்லது ரவை. சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு வீணாகிவிடும். நான்கிலும் விலை கூடிய பித்தளைக் குழல் மட்டும் கையில் மிஞ்சும். அதனால்தான் குழலைத் திரும்ப நிரப்பும் பழக்கம் உலகெங்கும் வந்தது. சீமையிலிருந்து கப்பலில் தோட்டா வந்து சேர்ந்த 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த துரைமார்களும் அதைத்தான் செய்தார்கள். காகிதக் குழல் மழைக்காலத்தில் உப்பிப்போய் துப்பாக்கிக்குள் நுழையாது. பித்தளை அப்படி மோசம் செய்யாது. இன்றைய இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே நம் துப்பாக்கி சுடும் வீரர்களுக்குத் தட்டுப்பாடு வேறு வடிவில் வருகிறது. குறிப்பாக ஷாட்கன் வீரர்கள் இறக்குமதித் தோட்டாவையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். வெளிநாட்டில் மருந்து குறைந்தால் இங்கே பயிற்சிச் சுற்று குறைகிறது. தோட்டா இல்லாத வெற்றுத் துப்பாக்கியால் குறிபார்த்து விசை இழுத்துப் பழகுவது பழைய முறை. ஒலிம்பிக் தரத்து வீரர்களும் அதைத் தினப்படி செய்கிறார்கள். கண்ணும் விரலும் தோளும் அதில் பழகிவிடும், பின்னுதைப்பு மட்டும் பழகாது.

சரி, அந்த மருந்துக்குள் என்னதான் இருக்கிறது? 1889-இல் ஃபிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் கார்டைட்டை உருவாக்கினார்கள். பிரிட்டிஷ் படையிடம் அதுவரை இருந்தது கரிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த அது சுட்டால் கண்ணை மறைக்கும் புகை கக்கும், துப்பாக்கிக் குழலைக் கரியாக்கும். கார்டைட் ஏறக்குறையப் புகையில்லாதது. அதன் மூலப்பொருள்களைச் சொன்னால் வியப்பாக இருக்கும். பருத்திப் பஞ்சை நைட்ரிக் அமிலம் பக்குவப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ். சோப்பு காய்ச்சும்போது கொழுப்பிலிருந்து பிரியும் கிளிசரினை அதே அமிலம் மாற்றினால் நைட்ரோகிளிசரின். கொஞ்சம் வாசலின். இவற்றை ஒன்றாகப் பிசைய ஒரு கரைப்பான் வேண்டும், அதுதான் அசிட்டோன். அசிட்டோன் பட்டதும் நார்நாராக இருந்த பஞ்சு இளகி மாவாகிவிடும். அந்த மாவைத் துளையிட்ட அச்சில் வைத்து அழுத்தினால் இடியாப்பம் போல் இழை இழையாக வரும். உலர்த்தினால் அசிட்டோன் பறந்துவிடும், இழை நிற்கும். மருந்தின் உடலில் அசிட்டோன் துளியும் மிஞ்சாது. ஆனால் அது இல்லாமல் மருந்தே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1915-இல் நடந்தது விளங்கும்.

அன்று உலகத்து அசிட்டோன் பெரும்பாலும் மரத்திலிருந்து வந்தது. காற்றுப் புகாத கலத்தில் மரத்தைச் சுட்டு, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிரிப்பார்கள். ஒரு டன் அசிட்டோனுக்கு 80 முதல் 100 டன் மரம் வேண்டும். பிரிட்டனில் அவ்வளவு காடு இல்லை. அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள், போர் வந்ததும் விலை எகிறியது. 1915-இல் பீரங்கிக் குண்டு போதவில்லை என்ற கூக்குரலில் பிரிட்டன் அரசாங்கமே ஆட்டம் கண்டது. அப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹயிம் வைஸ்மன், பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர், ஒரு பாக்டீரியாவைக் கையில் வைத்திருந்தார். மாவுச்சத்தைக் கொடுத்தால் அது தின்று அசிட்டோனையும் பியூட்டனாலையும் கக்கும். லண்டனில் ஜின் காய்ச்சிய ஆலையில் அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். மக்காச்சோளமும் அரிசியும் பீரங்கி மருந்துக்குப் போயின.

நைட்ரோசெல்லுலோஸின் உடல் செல்லுலோஸ். பாக்டீரியாவின் தீனி மாவுச்சத்து. இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான், கண்ணிகள் கோக்கப்படும் விதம் மட்டும் வேறு. ஆக, ஒரு தோட்டாவின் பலம் முழுவதும் ஏதோ ஒரு வயலில் விளைந்த சர்க்கரையிலிருந்தும் ஏதோ ஒரு கொழுப்பிலிருந்தும் வருகிறது. போர் நீண்டால் அது சோற்றுக்குப் போட்டியாக வந்து நிற்கும். 1917-இல் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தபோது பிரிட்டனில் சோளத்துக்கே தட்டுப்பாடு. மனிதர் தின்னாத மாவுச்சத்து வேண்டுமே என்று தேடி, குதிரைச் செஸ்நட் மரத்தின் கொட்டையைப் பொறுக்கிவரப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 3,000 டன் சேர்ந்தது. கிங்ஸ் லின் ஆலையில் அதைப் புளிக்கவைத்தும் விளைச்சல் ஏமாற்றியது. பிள்ளைகள் குவித்த கொட்டையில் பெரும்பகுதி பயன்படவே இல்லை.

இந்தியாவிலும் அதே தவிப்பு. நாசிக்கில் ஓர் அசிட்டோன் ஆலை எழுந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பில் பெயர்பெற்ற கில்பர்ட் ஃபௌலர் அப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். உள்நாட்டுத் தானியத்தையும் இலுப்பைப் பூவையும் அசிட்டோனாக்கும் ஆய்வில் அவர் இறங்கினார். அருவங்காட்டில் கார்டைட் பிசையக் கரைப்பான் வேண்டும், அதைக் கப்பலில் எதிர்பார்க்க முடியாது. நம் மண்ணிலேயே தேடு என்ற நெருக்கடிதான் அந்த ஆய்வை நடத்தியது. இப்படி ஒரு பொருள் வராதபோது வேறொன்றுக்குத் தாவுவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றதும் சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்றுவரை அந்தத் தொழில் சேலத்தை விட்டுப் போகவில்லை.

மற்ற மூலப்பொருள்களுக்கும் இதே கதைதான். முதல் உலகப் போரில் கடல்வழி அடைபட்டதும் ஜெர்மனிக்குச் சிலியின் வெடியுப்பு வரவில்லை. 1913-இல் ஓப்பாவில் தொடங்கியிருந்த ஹேபர்–பாஷ் முறையில் காற்றிலிருந்து அமோனியா எடுத்து, அதையே நைட்ரிக் அமிலமாக்கினார்கள். பருத்திக்குப் பதில் மரக்கூழ். கொழுப்புக்குப் பதில் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் கிளிசரின். இரண்டாம் போரில் அமெரிக்க இல்லத்தரசிகள் பொரித்த எண்ணெயையும் கறிக் கொழுப்பையும் டப்பாவில் சேர்த்துக் கசாப்புக் கடையில் கொடுத்தார்கள், பவுண்டுக்கு 4 சென்ட் கிடைத்தது. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குத் தகுந்தது. ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது பிரிட்டன் செய்த இன்னொரு மாற்று. அசிட்டோனே வேண்டாம், ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் கரையும் வேறு வகை நைட்ரோசெல்லுலோஸை எடுப்போம் என்று அவர்களின் ஆய்வுத் துறை ஒரு புதிய கார்டைட்டைக் கொண்டுவந்தது. ஆர்.டி.பி. என்று பெயர். தரைப்படைக்கு அது கைகொடுத்தது. கடற்படை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று பழைய அசிட்டோன் கார்டைட்டையே கேட்டது. கப்பலின் மருந்தறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கவேண்டிய சரக்கு அது. கடற்படையின் அச்சம் வீண்போகவில்லை. நீண்டநாள் வைத்திருந்த ஆர்.டி.பி. நிலைகுலையும் என்பது பின்னால் தெரிந்தது.

மருந்துக்கு வயது உண்டு. தட்டுப்பாட்டைச் சமாளிக்க நினைக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய உண்மை இது. விலை ஏறுமுன் மூட்டை மூட்டையாக வாங்கிப் பூட்டி வைத்துவிடலாம் என்று அரிசியில் செய்வதை மருந்தில் செய்ய முடியாது. நைட்ரோசெல்லுலோஸில் நைட்ரேட் தொகுதியைப் பிடித்திருக்கும் பிணைப்பு பலவீனமானது. சும்மா கிடக்கும்போதே ஒன்றிரண்டு உடையும். உடைந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், ஈரத்தோடு அது அமிலமாகும், அமிலம் பக்கத்துப் பிணைப்பை உடைக்கும். தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்ளும் வினை. அடுக்கி வைத்த குவியலுக்குள் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் ஒருநாள் தானாகவே தீப்பிடிக்கும். 1907 மார்ச் 12-இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் ஏனா என்ற போர்க்கப்பல் வெடித்து ஏறத்தாழ 120 பேர் செத்தார்கள். எதிரி யாரும் தாக்கவில்லை, வயதான மருந்துதான் கொன்றது. அங்கேயே 1911-இல் லிபெர்தே என்ற கப்பலும் அப்படியே போனது, 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இந்தச் சிதைவு இரண்டு முதல் நான்கு மடங்கு வேகமெடுக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 டிகிரியில் 16 ஆண்டு தாங்கும் ஒரு சரக்கு, ஆண்டு முழுவதும் 38 டிகிரியில் கிடந்தால் நான்கே ஆண்டில் அந்த நிலைக்கு வரும். மோசமான கணக்கில் ஒரே ஆண்டு. ஊட்டிக்கும் வேலூர்க் கோடைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கு மேலே, குளிரும் தண்ணீரும் உள்ள ஒரு மலை மடிப்பில் மருந்துத் தொழிற்சாலையை வைப்பதில் இருந்த நன்மை இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் காட்டேரி அருவி இருந்தது. அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள். தென்னிந்தியாவின் ஆரம்பகால நீர்மின் நிலையங்களில் அது ஒன்று.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டைட்டை உருவாக்கிய அதே ஏபெல் ஒரு சோதனை வைத்தார். சிட்டிகை மருந்தைக் கண்ணாடிக் குழாயில் போட்டு வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவார்கள். மேலே ஒரு துண்டுக் காகிதம் தொங்கும். ஸ்டார்ச்சிலும் பொட்டாசியம் அயோடைடிலும் தோய்த்து உலர்த்திய காகிதம், அதன் மேல்பாதி மட்டும் கிளிசரின் கலந்த தண்ணீரில் நனைந்திருக்கும். மருந்திலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு கசிந்து எழுந்தால், ஈரமும் உலர்வும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை போல் ஒரு பழுப்புக் கோடு விழும். கடிகாரத்தைப் பார்த்தபடி கோடு விழும் நிமிடத்தைக் குறிக்க வேண்டும். அதிக நேரம் பிடித்தால் மருந்து நலம், சீக்கிரம் விழுந்தால் அந்தச் சரக்கை அழித்துவிட வேண்டும். கசியும் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ள டைஃபீனைலமைன், சென்ட்ரலைட் போன்ற நிலைப்படுத்திகளை இப்போது மருந்திலேயே சேர்க்கிறார்கள். அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். இன்றைய ஆய்வகங்கள் அளப்பது அந்த மிச்சத்தைத்தான். கார்டைட்டில் வாசலினைச் சேர்த்தது துப்பாக்கிக் குழலுக்கு உராய்வு குறையட்டும் என்றுதான். அது நிலைப்படுத்தியாகவும் வேலை செய்தது பிற்பாடு தெரியவந்தது.

பதுக்கல் ஒரு தவறு என்றால், இருப்பதை வைத்து மாற்றி அடைப்பது அதைவிடப் பெரிய தவறு. தட்டுப்பாட்டுக் காலத்தில் உயிரை வாங்குவது இதுதான். மருந்து வெடிப்பதில்லை, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. ஆகவே எவ்வளவு மேற்பரப்பு என்பதே எவ்வளவு வேகத்தில் வாயு பிறக்கும் என்பதைத் தீர்மானிக்கும். இழையாக இருந்தால் எரிய எரிய மெலிந்து பரப்பு குறையும். நடுவில் ஒரு துளை போட்டுக் குழாயாக்கினால் வெளிப்பக்கம் சுருங்கும்போதே உள்பக்கம் விரியும், பரப்பு ஏறக்குறைய மாறாது. ஏழு துளை போட்டால் எரிய எரிய பரப்பு கூடும். நீளமான பீரங்கிக் குழலில் குண்டு நகர நகர இடம் பெருகுமல்லவா, அதற்கு ஈடுகொடுக்க இந்த வடிவம். கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலுக்கு மெல்லிய சில்லு மருந்து, சட்டென்று எரிந்து முடியவேண்டும். அதை ரைபிளில் போட்டால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்க் குழல் கிழியும். வேதிக்கூறு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், வேறுபடுவது வடிவம். ஒரு மருந்து கிடைக்கவில்லை என்று பார்வைக்கு ஒத்த இன்னொன்றைப் போடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். நம் மலையடிவாரத்தில் பன்றிக்கு அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியை வைப்பதும், உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிக்குக் கைக்குக் கிடைத்த மருந்தைக் கெட்டிப்பதும் எத்தனை கைகளைச் சிதைத்திருக்கின்றன, எத்தனை யானைகளின் வாயைக் கிழித்துப் பட்டினியில் கொன்றிருக்கின்றன. அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

நல்ல வழி ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது. முதல் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பீரங்கி மருந்து மலையாகத் தேங்கியது, வயதும் ஏறிக்கொண்டிருந்தது. ஃப்ரெட் ஓல்சன் என்ற வேதியியலாளர் அதை எரித்துவிடாமல் திரும்பக் கரைத்து, சேர்ந்திருந்த அமிலத்தைக் கழுவி நீக்கி, தண்ணீருக்குள் சிறு உருண்டைகளாக்கினார். 1933-இல் வெளிவந்த அந்த உருண்டை மருந்து இன்றும் உலகின் பல ராணுவங்களின் ரைபிள் தோட்டாக்களில் இருக்கிறது. இரண்டாம் போருக்குப் பின் ப்ரூஸ் ஹாட்ஜன் என்ற அமெரிக்கர் ராணுவத்தின் உபரி மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றார். வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அங்கே பரவியதற்கு அந்த மலிவு மருந்து பெரிய காரணம். கரைப்பான் பஞ்சத்துக்கும் நிரந்தரத் தீர்வு பிறந்தது. போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை, கரைப்பானே இல்லாமல் சூட்டிலும் அழுத்தத்திலும் உருட்டிச் செய்யும் கார்டைட்டுக்கு மாறிவிட்டது.

இப்போதைய பஞ்சத்துக்கு வருவோம். இதில் அசிட்டோனுக்குக் குறையில்லை, பெட்ரோலியத்திலிருந்து வேண்டிய மட்டும் கிடைக்கிறது. சிக்கல் பருத்தியின் குறும்பஞ்சில். நீளமான பஞ்சை ஜின்னிங் மில்லில் பிரித்தெடுத்த பிறகும் பருத்திக்கொட்டையின் மேல் வெள்ளைச் சுனை ஒட்டிக்கொண்டிருக்கும். நூற்க முடியாத அந்தச் சுனை கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். நைட்ரோசெல்லுலோஸுக்கு அதைப்போல் உகந்தது வேறில்லை. ஐரோப்பா அதைப் பெரும்பாலும் சீனாவிடமிருந்து வாங்கி வந்தது. போர் வந்ததும் அந்த ஒரே கயிற்றில் தொங்குகிறோம் என்று பதறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வெடிபொருள் உற்பத்தியைப் பெருக்க 50 கோடி யூரோ ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடிமருந்துக்கும் உந்துமருந்துக்கும்தான். பணம் ஒதுக்கியதும் மருந்து வந்துவிடாது. அமிலத்தைக் கையாளும் ஆலையைக் கட்டி, உரிமம் பெற்று, ஒவ்வொரு சரக்கையும் சுட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும். மரக்கூழில் செய்யலாம் என்றால், அதற்காக ஒவ்வொரு தோட்டாவின் கணக்கையும் மறுபடி போட்டாக வேண்டும்.

அருவங்காட்டிலிருந்து மலை இறங்கினால் கோயம்புத்தூர்ச் சீமை, பஞ்சாலைகளின் நாடு. நாம் பருத்திக்கொட்டையை மாட்டுக்குப் போடுகிறோம், மதுரையில் பருத்திப்பால் காய்ச்சிக் குடிக்கிறோம், எண்ணெய்க்கு ஆட்டுகிறோம். உலகில் மிகுதியாகப் பருத்தி விளையும் நாடுகளில் ஒன்றான இந்தியாவில் கொட்டையின் பெரும்பகுதி சுனை நீக்கப்படாமலே செக்குக்கும் மாட்டுத்தொட்டிக்கும் போகிறது. சுனை செக்கில் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெய் ஆலைகள் சுனை நீக்கும் எந்திரத்தை வைத்தால் எண்ணெயும் கூடும், குறும்பஞ்சும் தனியே கிடைக்கும். ராணுவத்துக்கு மட்டுமல்ல, பெயிண்டுக்கும் நகப்பூச்சுக்கும் அச்சு மைக்கும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் வேண்டும். சீனாவையோ ஐரோப்பாவையோ பார்த்துக்கொண்டிருக்காமல், ஒரே சீரான தரத்தில் வெளுத்த குறும்பஞ்சை ஆண்டு முழுவதும் கொடுக்கும் ஆலைகள் நம் பருத்தி மாவட்டங்களில் எழவேண்டும். அப்போது தூரத்துப் போர் ஒன்றில் விலை நான்கு மடங்கானாலும், பஞ்சுக்காக இங்கே யாரும் கப்பலை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.